வித்தியாசம் யார் கணக்கில்?

சென்ற மாதம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதம் பலருக்கும் நினைவிருக்கும். ஒருவர் வீட்டில் இரண்டு இசை நிகழ்ச்சி டிக்கெட்டுகள் உபரியாகிவிட்டன. மகளின் தேர்வுத் தேதி மாறியதால் போக முடியவில்லை. விற்பனை தொடங்கிய அன்றே தீர்ந்துபோன நிகழ்ச்சி அது. வாங்கியதைப்போல ஒன்றரை மடங்கு விலை சொன்னார். "வெளியில் இதைவிட அதிகம் போகிறது. நம் ஆட்கள் என்பதால் குறைத்துத்தான் கேட்கிறேன்" என்றார். உடனே இன்னொருவர், "பி பிளாக்கிலேயே பிளாக் டிக்கெட்டா?" என்று போட்டார். அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு போன் ஓயவில்லை. கடைசியில் செக்ரட்டரி தலையிட்டு, தண்ணீர் லாரி விஷயத்தை மட்டும் பேசுங்கள் என்று முடித்து வைத்தார்.

விவாதத்தில் இரண்டு கட்சிகள். "என் பணம் கொடுத்து வாங்கியது என் பொருள். விருப்பப்பட்டவர் வாங்கட்டும், யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே" என்பது ஒரு கட்சி. "நாமும் ரசிகர், கேட்பவரும் ரசிகர். ரசிகரிடம் ரசிகர் லாபம் பார்க்கலாமா?" என்பது மற்றொன்று. இரண்டு பக்கமும் பேசியவர்கள் நல்லவர்கள். தினமும் லிஃப்ட்டில் பார்க்கிறவர்கள். நான் அன்று எதுவும் எழுதவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

ஆனால் இந்தச் சண்டை நம் குழுவில் பிறந்ததல்ல. அதற்கு 175 வயது. வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் என்பதால் நான் அதை ஒரே கேள்வியாகப் பார்க்கிறேன். டிக்கெட்டில் அச்சிட்ட விலைக்கும் கைமாறும் விலைக்கும் நடுவில் ஒரு வித்தியாசத் தொகை இருக்கிறது. அது யார் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும்? வரலாற்றில் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

ஏலம் போட்ட பார்னம்

1850 செப்டம்பரில் ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் நியூயார்க்கில் வந்து இறங்கினார். அழைத்து வந்தவர் பி. டி. பார்னம், பிற்காலத்தில் சர்க்கஸால் உலகப் புகழ் பெற்றவர். 150 கச்சேரிகள், கச்சேரிக்கு 1,000 டாலர் என்று ஒப்பந்தம். லிண்ட் கெட்டிக்காரர். பணத்தை முன்கூட்டியே லண்டன் பேரிங் பிரதர்ஸ் வங்கியில் கட்டினால்தான் கப்பல் ஏறுவேன் என்று நிபந்தனை போட்டார். பார்னம் தன் சொத்துகளை அடகு வைத்தும் கடன் வாங்கியும் 1,87,500 டாலர் திரட்டினார்.

அவ்வளவு பணம் போட்டவர் அதை எடுக்க வேண்டுமே. அரங்கில் இருக்கும் இடத்தைவிட வர விரும்பியவர்கள் பல மடங்கு என்று தெரிந்ததும், முதல் கச்சேரியின் டிக்கெட்டுகளை ஏலத்தில் விட்டார். ஏலத்தைப் பார்க்க வருவதற்கே நுழைவுக் கட்டணம் இருந்தது! முதல் டிக்கெட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஜான் ஜெனின் என்ற தொப்பிக் கடைக்காரர். மறுநாள் முதல் நாடு முழுக்க அவர் பெயர் பத்திரிகையில். தொப்பி வியாபாரம் அமோகமாக நடந்தது. இதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் போட்டி கிளம்பியது. பாஸ்டனில் ஆசியன் டாட்ஜ் என்ற பாடகர் 625 டாலர் கொடுத்தார். பிராவிடென்ஸ் நகரில் ஒருவர் 650 டாலருக்கு எடுத்துவிட்டு, கச்சேரிக்கே போகவில்லை.

இதில் ஒரு நேர்மை இருப்பதை மறுக்க முடியாது. ஏலம் ஊரறிய நடந்தது. வித்தியாசத் தொகை இடைத்தரகரிடம் போகாமல் நிகழ்ச்சி நடத்தியவரிடமும் பாடியவரிடமும் போனது. லிண்ட் நியூயார்க் முதல் கச்சேரியில் தனக்குக் கிடைத்த ஏறக்குறைய 10,000 டாலரை அந்த ஊரின் தரும காரியங்களுக்கே கொடுத்துவிட்டார். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. 650 டாலர் கொடுத்தவர் பாட்டுக் கேட்க வாங்கவில்லை. உண்மையில் கேட்க ஆசைப்பட்ட ஒருவரின் நாற்காலி அன்று காலியாகக் கிடந்தது.

வரிசையில் நிறுத்திய டிக்கன்ஸ்

அடுத்தது பாட்டு அல்ல, வாசிப்பு. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1867 நவம்பரில் பாஸ்டன் வந்தார். தன் கதைகளை மேடையில் தானே நடித்துப் படித்துக் காட்டுவார். அந்தக் காலத்தில் அதற்குக் கச்சேரியைவிடக் கூட்டம். பார்னம் வழியில் அவர் போகவில்லை. விலை 2 டாலர், முதலில் வருபவருக்கு முதலில். நிர்வாகி ஜார்ஜ் டால்பி டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

நியூயார்க் ஸ்டைன்வே ஹால் நிகழ்ச்சிகளுக்கு விற்பனை காலை 9 மணிக்கு. வரிசையோ இரவு 2 மணிக்கே உருவாகிவிட்டது. டிசம்பர் குளிர். பக்கத்து உணவு விடுதிப் பணியாளர்கள் சாலையைக் கடந்து ஓடிவந்து, நின்றவர்களுக்குச் சிற்றுண்டி பரிமாறினார்கள். முன்னால் நிற்பவரோடு இடம் மாற்றிக்கொள்ள மட்டும் 5 டாலர், 10 டாலர் தரத் தயாராக இருந்தார்கள். டிக்கெட் விலையே 2 டாலர் என்பதை நினைவில் வையுங்கள். டிக்கெட்டுக்கு முன்பே வரிசையில் நிற்கும் இடம் விற்பனைக்கு வந்துவிட்டது.

புரூக்ளினில் நிலைமை இன்னும் மோசம். டிக்கெட்டை மொத்தமாக அள்ளி விற்கும் தரகர்கள் கூலி ஆட்களை முதல் நாள் இரவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் வைக்கோல் மெத்தை, கம்பளி, ரொட்டியும் இறைச்சியும், ஒரு பாட்டில் விஸ்கி. குளிருக்குத் தெருவிலேயே தீ மூட்ட, போலீஸ் வந்து அணைக்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் டால்பி பையோடு வர, அவரை ஆரவாரத்தோடு வரவேற்றவர்களும் இந்தத் தரகர் படைதான்! ஒருவருக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினாலும் பலன் இல்லை. அதற்கேற்ப ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், அவ்வளவே. டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்குப் போயின. டால்பிக்கு ஒரு காசு கூட வரவில்லை. ஆனால் பத்திரிகைகள் திட்டியது அவரைத்தான். 2,000 பேர் கொள்ளும் மண்டபத்தில் 4,000 பேரை உட்கார வைக்க முடியாததுதான் அந்த மனிதர் செய்த குற்றம் என்கிற மாதிரி டிக்கன்ஸ் ஊருக்கு வருத்தத்தோடு கடிதம் எழுதினார்.

டிக்கன்ஸ் விலையைக் குறைவாக வைத்தது ரசிகனுக்குச் செய்த உபகாரம். அந்த உபகாரம் ரசிகனைப் போய்ச் சேராமல் நடுவில் நின்றவர் கணக்கில் வரவானது. வரிசை நியாயமான முறைதான். ஆனால் நிற்பவன் யார், தனக்காக நிற்கிறானா என்று வரிசைக்குத் தெரியாது. இன்று அந்த வைக்கோல் மெத்தைக்காரர்களின் வேலையைக் கணினி நிரல்கள் செய்கின்றன. நாம் ஒரு தடவை பெயரைத் தட்டச்சு செய்வதற்குள் அவை நூறு டிக்கெட் எடுத்துவிடும். அப்படிப்பட்ட நிரல்களைத் தடை செய்து அமெரிக்கா 2016-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

சட்டம் போட்ட நியூயார்க்

"இதற்கெல்லாம் சட்டம் வேண்டும்" என்று நம் குழுவிலும் ஒருவர் எழுதியிருந்தார். நியூயார்க் மாநிலம் அதைச் செய்து பார்த்தது. 1922 சட்டப்படி, அச்சிட்ட விலைக்கு மேல் 50 சென்ட் வரைதான் வைத்து விற்கலாம். 1927-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதைத் தள்ளுபடி செய்தது. நாடகமும் கேளிக்கையும் அரசு விலை நிர்ணயிக்கும் அளவுக்குப் பொதுநலன் சார்ந்த தொழில் அல்ல என்பது பெரும்பான்மையின் வாதம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்ஸ், மக்கள் தங்களுக்குத் தேவை என்று கருதினால் கலையும் தேவைதான் என்ற பக்கம் நின்றார். 1965-ல் காற்று திரும்பியது. ஒன்றரை டாலர் வரம்பை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2007-ல் மாநிலமே வரம்பை எடுத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2023-ல் தி கியூர் என்ற ஆங்கிலேய இசைக்குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் 20 டாலர் முதல் டிக்கெட் வைத்தது. டிக்கெட்டை வேறு பெயருக்கு மாற்ற முடியாது, வர முடியாதவர் வாங்கிய விலைக்கே திருப்பி விற்கலாம் என்று ஏற்பாடு. ஆனால் நியூயார்க், சிகாகோ, டென்வர் நகரங்களில் அந்தக் கட்டுப்பாட்டைப் போட முடியவில்லை. டிக்கெட்டை விருப்பம்போல் கைமாற்றும் உரிமையை அங்கே சட்டமே பாதுகாக்கிறது! அதே சமயம் சிலருக்கு டிக்கெட் விலையைவிடச் சேவைக் கட்டணம் அதிகமாக வந்தது. பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகக் குரல் கொடுக்க, டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் ஒரு டிக்கெட்டுக்கு 5 முதல் 10 டாலர் வரை திருப்பிக் கொடுத்தது.

வேறு நாடுகள் வேறு பாதையில் போகின்றன. இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றம். அயர்லாந்து 2021-ல் பெரிய நிகழ்ச்சிகளுக்கு மூல விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்தது. பிரிட்டனும் அப்படி ஒரு தடை கொண்டுவரப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது.

மணி ஆர்டர் அனுப்பிய ரசிகர்கள்

மூன்றாவது பதில் சட்டத்தாலும் வரவில்லை, சந்தையாலும் வரவில்லை. ரசிகர்களே உண்டாக்கிக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு 1983-ல் தன் டிக்கெட்டுகளில் ஒரு பகுதியைத் தானே தபால் மூலம் விற்க ஆரம்பித்தது. ரசிகர் ஒரு சின்ன அட்டையில் விவரம் எழுதி, தபால் மணி ஆர்டர் இணைத்து, தன் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்து, குறிப்பிட்ட தேதி முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும். எங்கள் கிளையில் டிமாண்ட் டிராஃப்ட் விண்ணப்பம் சரிபார்த்த மாதிரியே இருக்கிறது, இல்லையா? தங்கள் உறை கண்ணில் படட்டும் என்று ரசிகர்கள் அதில் வண்ண வண்ணமாகச் சித்திரம் தீட்டி அனுப்பினார்கள். அவற்றில் ஏராளமானவை இன்று கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த ரசிகர்களிடையே எழுதாத விதி ஒன்று நிலவியது. உபரி டிக்கெட் இருந்தால் அச்சிட்ட விலைக்குக் கொடு, அல்லது வேறு நாள் டிக்கெட்டோடு மாற்றிக்கொள். லாபத்துக்கு விற்பவனை மதிக்க மாட்டார்கள். அரங்குக்கு வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் ஒரு விரலை உயர்த்தியபடி நிற்பார்கள். 'ஒரு டிக்கெட் கிடைக்குமா' என்று அர்த்தம். யாராவது இலவசமாகவே கொடுத்துவிட்டுப் போனால் அதற்கு 'அற்புதம்' என்று பெயர். குழுவின் பாட்டு ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. இன்று வாங்கியவர், வேறொரு நாள் இன்னொருவருக்குக் கொடுப்பார். பேரேட்டில் ஏறாத ஒரு கடன் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1987-ல் அவர்களுடைய பாட்டு ஒன்று அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. புதிய கூட்டம் பெருகியது. பாட்டுக்காக அல்ல, வெளியே நடக்கும் திருவிழாவுக்காகவே டிக்கெட் இல்லாமல் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டீர் க்ரீக் அரங்கில் வேலியை உடைத்துக்கொண்டு ஒரு பெருங்கூட்டம் உள்ளே பாய்ந்தது. மறுநாள் நிகழ்ச்சி ரத்து. டிக்கெட் இல்லாதவர்கள் தயவுசெய்து வராதீர்கள் என்று இசைக்குழு ரசிகர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. அடுத்த மாதம் குழுவின் முக்கியப் பாடகர் ஜெர்ரி கார்சியா காலமானார்; அந்த அத்தியாயம் முடிந்தது.

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற அளவுக்குக் கூட்டம் இருந்தவரை எழுதாத விதி வேலை செய்தது. முகம் தெரியாத கூட்டம் வந்ததும் செல்லுபடி ஆகவில்லை. பின்னாளில் ஃபிஷ் என்ற இசைக்குழுவின் ரசிகர்கள் இதே வழக்கத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2009-ல் தொடங்கிய 'கேஷ் ஆர் டிரேட்' என்ற தளத்தில் வாங்கிய விலைக்கு விற்கலாம், அல்லது மாற்றிக்கொள்ளலாம்.

எது நியாயம் என்று மக்கள் நினைக்கிறார்கள்?

வணிகவியல் படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, தேவை கூடினால் விலை கூடும் என்பது. அது தப்பு அல்ல. ஆனால் 1986-ல் டேனியல் கானிமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கனடா நாட்டுச் சாதாரண மக்களிடம் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்டார்கள். 15 டாலருக்குப் பனி அள்ளும் மண்வெட்டி விற்கும் கடைக்காரர், பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் 20 டாலர் ஆக்கினால் நியாயமா? 82 சதவீதம் பேர் நியாயமில்லை என்றார்கள். கால்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் பற்றாக்குறை வந்தால் ஏலம், குலுக்கல், வரிசை இவற்றில் எது நியாயம்? பெரும்பான்மையினர் வரிசை என்றார்கள். ஏலம் என்றவர்கள் மிகச் சிலர். கானிமனும் தேலரும் பின்னர் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள்.

விலை ஏற்றுபவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நிற்க நேரம் இல்லாதவர், விற்பனை நாளன்று ஷிப்டில் இருந்தவர், கடைசி நேரத்தில்தான் விடுப்பு கிடைத்தவர் இவர்களுக்கெல்லாம் மறுவிற்பனை ஒன்றுதான் வழி. ஆகவே மறுவிற்பனையே கூடாது என்பது சரியல்ல. கைமாறட்டும், ஆனால் என்ன விலைக்கு என்பதுதான் விஷயம்.

என் கணக்கு இது. அரிசியை வாங்கி விற்பவர் மூட்டையைத் தூக்குகிறார், கிடங்கில் வைக்கிறார், எலி தின்றால் நஷ்டம் ஏற்கிறார். லாபம் அந்த உழைப்புக்கும் ஆபத்துக்கும். போக முடியாமல் போன டிக்கெட்டுக்கு நாம் அப்படி என்ன செய்தோம்? இசைக் கலைஞர் வேண்டுமென்றே குறைத்து வைத்த விலை, இன்னொரு ரசிகரைச் சேர வேண்டிய சலுகை. அது நம் கையில் தங்கியது தற்செயல். அந்த வித்தியாசத்தை நம் கணக்கில் வரவு வைக்க எனக்கு முகாந்திரம் தெரியவில்லை.

நான் ஏன் அன்று எழுதவில்லை

1984-ல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், புதுப்படம் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் எடுத்தேன். அரையாண்டுக் கணக்கு முடிப்பு என்று என் அறை நண்பனைக் கிளையில் பிடித்து வைத்துவிட்டார்கள். எனக்குச் சற்றுப் பின்னால் நின்றவன், எங்கள் கிளைக்குத் தினமும் டீ கொண்டுவரும் பையன். அவன் கவுன்டரை நெருங்கும்போது ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிவிட்டார்கள். "சார், எக்ஸ்ட்ரா இருக்கா?" என்று ஓடிவந்தான். உள்ளங்கையில் டிக்கெட் விலைக்குச் சரியாகச் சில்லறை வைத்திருந்தான். அதே நேரம் யாரோ ஒருவர் பத்து ரூபாய்த் தாளை நீட்டினார். நான் தாளை வாங்கினேன். ஏழு ரூபாய் லாபம்.

மறுநாள் காலை அந்தப் பையன் வழக்கம்போல என் மேஜையில் டீ வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தின் கதை இன்று எனக்கு மறந்துவிட்டது. டீ கிளாஸை அவன் வைத்த விதம் மறக்கவில்லை. அப்படிப்பட்டவன் குழுவில் யாருக்கு உபதேசம் செய்வது?

ஆனாலும் இந்த வயதில் ஒரு யோசனை சொல்லலாம் என்று நினைக்கிறேன். உலகம் முழுவதற்கும் விதி செய்ய நம்மால் முடியாது. நம் குடியிருப்பு முகம் தெரிந்தவர்களின் கூட்டம். இங்கே எழுதாத விதி வேலை செய்யும். அதைக் கொஞ்சம் எழுதியே வைத்துக்கொள்ளலாம்:

1. நம் குழுவில் எந்த டிக்கெட்டும் அடக்க விலைக்குத்தான். அடக்க விலை என்றால் அச்சிட்ட விலையும், உண்மையில் கட்டிய சேவைக் கட்டணமும். ரசீதைப் பகிர்ந்துவிட்டால் கேள்வியே எழாது.

2. முதலில் கேட்டவருக்கு முதலில். தனியாகப் போன் செய்து கூடுதல் சொல்வது வேண்டாம்.

3. கடைசி நாளில் விலை குறைத்துக் கொடுப்பதும், இலவசமாகக் கொடுப்பதும் அவரவர் விருப்பம். வாங்கியவர் அதை ஞாபகம் வைத்திருந்து, தன் முறை வரும்போது இன்னொருவருக்குச் செய்யட்டும்.

4. கூடுதல் விலைக்குத்தான் விற்பேன் என்பவர் வெளியில் விற்றுக்கொள்ளட்டும். அது அவர் உரிமை. நம் குழுவில் மட்டும் வேண்டாம்.

மார்கழி சீசனில் சபா டிக்கெட்டை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நாம் கைமாற்றிக்கொள்வது ஏறக்குறைய இந்த முறையில்தான். புதிதாக எதையும் நான் சொல்லவில்லை.

அந்த இரண்டு டிக்கெட்டுகள் கடைசியில் வெளி ஆள் ஒருவரிடம் போனதாகக் கேள்வி. ஏ பிளாக்கில் கல்லூரி படிக்கும் பையன் ஒருவன் வாங்கிய விலைக்குக் கிடைக்குமா என்று குழுவில் கேட்டிருந்தான். அந்தச் செய்திக்கு யாருமே பதில் போடவில்லை. நானும்தான். அடுத்த கமிட்டி கூட்டத்தில் மேலே சொன்ன நான்கையும் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். திருத்தம் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள், சேர்த்துக்கொள்ளலாம்.